ஸ்பீக்கரை எங்கே வைப்பது?



போன இதழில் வீட்டு ஹீற்றர் பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு கோயிலிலும் கடையிலும் என்னைக் கண்ட பல பேர் ஹீற்றரை விட்டுவிட்டு வேறொரு கேள்விதான் கேட்டார்கள். "தம்பி, ஓவர்ரைம் செய்த காசிலை நல்ல ஸ்பீக்கர் வாங்கினோம். கடையிலை கேட்ட மாதிரி வீட்டிலை கேட்குதில்லை. வயரை மாத்தவோ, அம்பிளிபயரை மாத்தவோ?"

இரண்டையும் மாற்ற வேண்டாம். முதலில் ஸ்பீக்கரைச் சுவரில் இருந்து இரண்டு அடி தள்ளி வைத்துப் பாருங்கோ. ஒரு சதமும் செலவில்லை. பிழைத்தால் திரும்பப் பழைய இடத்தில் வைக்கலாம்.

நான் ஓ.எல். வரைக்கும்தான் படித்தவன். பகலில் பிளாஸ்ரிக் வார்க்கிற மெசினோடு நிற்கிறேன். ஆனால் ஊரில் சின்ன வயதில் கோயில்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற ஒரு அண்ணரோடு திரிந்தவன். இங்கே வந்த பிறகு லைப்ரரிப் புத்தகங்களை அகராதியோடு வைத்து வாசித்ததும் உண்டு. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆக்களின் காதுக்கு முதலில் பாட்டுக் காட்டியது கோயில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான். அந்தக் குழாய் மிகவும் கெட்டிக்காரச் சாமான். வீட்டுப் பெட்டி ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாற் மின்சாரத்துக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 85, 90 டெசிபல் சத்தம் தரும். குழாய் அதே ஒரு வாற்றுக்கு 100 டெசிபலுக்கு மேலே தரும். அதனால்தான் ஒரு சின்ன அம்பிளிபயரையும் ஒரு பற்றறியையும் வைத்து மூன்று ஊருக்குப் பாட்டுப் போட்டார்கள். ஆனால் குழாயில் அடித் தொனி வராது. தவிலின் கும்மென்ற பக்கம் போய்விடும், கீச்சுத் தொனி மட்டும் மிஞ்சும். அதைக் கேட்டு வளர்ந்த நாங்கள் இங்கே வந்து அடித் தொனி வருகிற பெட்டியைக் கண்டதும் அதுதான் நல்ல சவுண்ட் என்று நினைத்து பேஸ் குமிழைக் கடைசிவரை திருகி விடுகிறோம். கலியாண ஹோல்களில் சாப்பாட்டு மேசைத் தண்ணீர் ஆடுகிறது இதனால்தான். நல்ல ஸ்பீக்கரின் இலட்சணம் அதுவல்ல. பாடுகிறவர் எங்கள் ஹோலில் வந்து நின்று பாடுவது போல இருக்க வேண்டும்.

சரி, ஏன் இரண்டு அடி தள்ளி வைக்கச் சொல்கிறேன்?

கீச்சுத் தொனி ரோர்ச் லைற் போல நேரே முன்னுக்குப் போகும். அடித் தொனி அப்படியில்லை. வெறும் பல்ப் போல எல்லாப் பக்கமும், பெட்டிக்குப் பின்னாலும் போகும். பின்னால் போனது சுவரில் பட்டுத் திரும்பி வந்து முன்னால் போகிறதோடு சேரும். இப்படி ஒரு சுவர் கிட்ட இருந்தால் அடித் தொனி 6 டெசிபல் வரைக்கும் கூடலாம். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் நிலமும் சேர்ந்து கூட்டும். ஸ்பீக்கர் செய்தவன் கணக்குப் பார்த்து அளவாக வைத்த தொனியை எங்கள் வீட்டு மூலை குழப்பி விடுகிறது. ஆயிரம் டொலர்ப் பெட்டி என்றாலும் மூலைக்கு அது தெரியாது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவவின் தகப்பனார் ஊரிலிருந்து கசெற்றில் கதைத்துப் பதிந்து அனுப்பியவர். அந்த நாளில் கடிதத்துக்குப் பதிலாக எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் செய்தன. தகப்பனார் இப்போது இல்லை. அந்தக் கசெற் ஒன்றுதான் மிச்சம். ஒவ்வொரு திவசத்துக்கும் பிள்ளைகளை இருத்தி அதைப் போடுவா. பழைய சின்ன றேடியோவில் விளங்கின குரல், புதிதாக வாங்கின பெரிய ஸ்பீக்கரில் பானைக்குள் இருந்து கதைப்பது போலக் கேட்கிறது, பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் விளங்குதில்லை என்று கவலைப்பட்டா. கடைக்காரரைக் கேட்க, கனத்த வயரும் வேறு அம்பிளிபயரும் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இன்னும் அறுநூறு டொலர்.

போய்ப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கர் மூலைக்குள் கதவுக்குப் பின்னால். மற்றது பொம்மைகள் அடுக்கின கண்ணாடி அலுமாரிக்குள். ஆம்பிளைக் குரலின் அடி நாதம் 100 ஹேர்ட்ஸ் பக்கம் கிடக்கிறது. மூலையும் அலுமாரியும் ஊதிப் பெருப்பிக்கிறதும் அந்தத் தொனியைத்தான். இரண்டையும் வெளியே எடுத்து, சுவரில் இருந்து தள்ளி, இரண்டு முக்காலியில் வைத்தோம். கசெற் போடுகிற தலையைப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு மண்ணிறமாக வந்தது. பிறகு கசெற்றைப் போட்டோம். "பிள்ளையள், வடிவாப் படிக்கிறியளோ?" என்று அவர் கேட்டது ஒவ்வொரு எழுத்தாக விளங்கியது. கடைசிப் பெடியன் "ஓம்" என்று பதில் சொன்னான். அறுநூறு டொலரும் மிச்சம்.

இனி ஒழுங்காக வைக்கும் முறை. இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் ஆறிலிருந்து எட்டு அடி. நீங்கள் இருக்கிற செற்றிக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே தூரம். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கோ. ரேப் எடுத்து அளவுங்கோ, கண்மதிப்பு வேண்டாம். பக்கச் சுவரில் இருந்தும் இரண்டு அடியாவது விலகட்டும். ட்வீற்றர் என்கிற சின்ன வட்டம் நீங்கள் கதிரையில் இருக்கும்போது காது உயரத்துக்கு வர வேண்டும். அதாவது நிலத்தில் இருந்து மூன்று அடிக்குச் சற்று மேலே. சின்ன ஸ்பீக்கரை நிலத்தில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் பாடும். கடையில் விற்கிற ஸ்ராண்ட் விலை கூட. கட்டடச் சாமான் கடையில் சீமெந்துக் கல் வாங்கி அடுக்கி, மேலே ஒரு துணி போட்டு வைத்தால் அதே வேலை செய்யும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தள்ளி விழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கோ, கல் கல்தான். பிறகு இரண்டு ஸ்பீக்கரையும் உங்களைப் பார்க்கும்படி கொஞ்சம் உள்ளே திருப்புங்கோ.

இடமில்லை, சுவரோடுதான் வைக்க வேண்டும் என்கிற வீடுகள்தான் எங்களுக்கு அதிகம். அதற்கும் வழியுண்டு. உங்கள் ஸ்பீக்கரில் ஒரு வட்ட ஓட்டை இருந்தால் ஒரு பழைய சொக்ஸைச் சுருட்டி அதற்குள் செருகுங்கோ. அடித் தொனியின் ஊதல் குறையும். சிரிக்க வேண்டாம். சில கொம்பனிகள் இதற்கென்றே ஸ்பொஞ்சுக் கட்டை வெட்டிப் பெட்டிக்குள் போட்டுத் தருகின்றன.

வைத்தது சரியா என்று பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு அருமையான கருவி உண்டு. அது ரி. எம். சௌந்தரராஜன் பாட்டு. 50களிலும் 60களிலும் வந்த தமிழ்ப் படப் பாடல்கள் மோனோவில் பதிந்தவை. இரண்டு ஸ்பீக்கருக்கும் போகிறது ஒரே சத்தம். அதனால் எல்லாம் சரியாக இருந்தால், நடுவில் ஒரு பெட்டியும் இல்லாத வெறும் இடத்தில் நின்று அவர் பாடுவது போலக் கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி அவர் நிற்கிற இடத்தைக் காட்டுங்கோ பார்ப்போம். கை இடப்பக்கம் போனால் இடது ஸ்பீக்கர் கிட்ட இருக்கிறது, அல்லது அந்தப் பக்கம் சுவர் நெருக்கம். கை எங்கே காட்டுவது என்று தெரியாமல் தடுமாறினால், குரல் அறை முழுக்கப் பரவி ஒரு இடத்திலும் நிற்காமல் கேட்டால், வயர் மாறிக் கொழுவியிருக்கிறது. இதற்குப் பழைய பதிப்பாகப் பார்த்துப் போடுங்கோ. பிற்காலத்தில் ஸ்ரீரியோ ஆக்குகிறோம் என்று கலக்கினவை உதவாது.

வயர் மாறுவது என்றால் என்ன? ஸ்பீக்கரின் பின்னால் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு உண்டு. அம்பிளிபயரின் சிவப்பில் இருந்து ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பில் இருந்து கறுப்புக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறினால், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடித் தொனி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு காணாமல் போய்விடும். கையால் வாங்கின பழைய ஸ்பீக்கரில் நிறம் அழிந்திருந்தால், அம்பிளிபயரைக் கழற்றிவிட்டு ஒன்றரை வோல்ற் பற்றறியை வயரின் இரண்டு நுனியிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கோ. பெரிய வட்டம் வெளியே தள்ளினால் பற்றறியின் கூட்டல் பக்கம் தொட்ட நுனிதான் சிவப்பு.

வயர் விலை பற்றி என் கருத்து: கடையில் அதிக இலாபம் வருகிற சாமான் அதுதான் என்று நினைக்கிறேன். இருபத்தைந்து அடிக்கு உட்பட்ட தூரத்துக்கு, 8 ஓம் ஸ்பீக்கருக்கு, 16 கேஜ் செப்பு வயர் தாராளம். அவ்வளவு தூரம் போய் வர அதன் தடை 0.2 ஓம்தான். தூரம் கூடினால் அல்லது ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் 14 அல்லது 12 கேஜ் எடுங்கோ. பாம்புத் தோல் போலப் பின்னின வயருக்கு நூற்றுக் கணக்கில் குடுக்கிற காசுக்குப் பிள்ளைக்கு ஒரு குளிர் ஜக்கெற் வாங்கலாம்.

அடுத்தது அறை. புது கொண்டோக்களில் மரத் தரை, வெறும் சுவர், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்குள் நாதஸ்வரம் போட்டால் காது கூசும். நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கோ. தட்டின பிறகு ரிங்கென்று ஒரு வால் நீண்டால் அறை வெறுமையாக இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் செற்றிக்கும் நடுவில் ஒரு தடித்த கம்பளம் விரியுங்கோ. யன்னலுக்குக் கனத்த சீலை போடுங்கோ. பக்கச் சுவரில் எந்த இடம் முக்கியம் என்று பார்க்க, நீங்கள் செற்றியில் இருந்துகொண்டு ஒரு பிள்ளையிடம் கண்ணாடியைக் குடுத்துச் சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கோ. எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடத்தில்தான் சத்தம் பட்டுத் தெறித்து உங்களிடம் வருகிறது. அங்கே ஒரு புத்தக அலுமாரியோ தொங்கு துணியோ வந்தால் நல்லது. எல்லாச் சுவரையும் மூடிவிட வேண்டாம். பிறகு பாட்டு செத்துப்போய்க் கேட்கும்.

பேஸ்மென்ற் வீடுகளில் வேறு பிரச்சினை. கூரை தாழ்வு, சுவர் கொங்கிறீற், அறை பெட்டி போல. ஒவ்வொரு அறைக்கும் தன் நீளத்துக்கு ஏற்ற ஒரு தொனி உண்டு. 12 அடி நீள அறைக்கு அது ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸ். அந்தத் தொனி வரும்போது மட்டும் அறை சேர்ந்து முழங்கும். இதைப் பிடிக்க இளையராஜாவின் 80களின் பாட்டுகளைப் போடுங்கோ. அவற்றில் பேஸ் கிற்றார் பாட்டுக்கு அடியில் தனியொரு பாட்டாகப் போகும். ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் எழும்பி முழங்கினால் அது ராசாவின் விளையாட்டு இல்லை, உங்கள் அறையின் விளையாட்டு. செற்றியைப் பின் சுவரோடு ஒட்டாமல் ஒரு அடி முன்னே இழுத்துப் பாருங்கோ. சப்வூபர் உள்ளவர்கள் ஒரு கூத்துச் செய்யலாம். சப்வூபரைத் தூக்கி நீங்கள் இருக்கிற செற்றியில் வைத்துவிட்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்து போங்கோ. எந்த இடத்தில் அடித் தொனி சமமாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் கொண்டுபோய் வையுங்கோ. இது பெரிய ஸ்ரூடியோக்காரரும் செய்கிற வழிதான். மனிசி பார்க்காத நேரமாகச் செய்தால் மரியாதை மிஞ்சும்.

இந்த அடித் தொனி விசயத்தில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. கீச்சுத் தொனியைச் சுவர் தடுக்கும். அடித் தொனி சுவரையும் கூரையையும் ஆட்டிக்கொண்டு மேல் வீட்டுக்குப் போகும். உங்களுக்கு அளவாக இருக்கும், மேலே கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு நெஞ்சு இடிக்கும். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, மற்றவர்களின் நிம்மதியைப் பெரிதாகக் கெடுத்தால் வீட்டுக்காரர் என்-5 என்கிற நோட்டீஸ் தரலாம். முதல் தடவை என்றால் ஏழு நாளுக்குள் திருத்திக்கொண்டால் அது செல்லாது. ஆனால் வீட்டுக்காரரும் அதே கட்டடத்தில் இருந்து, அதில் மூன்று குடியிருப்புக்கு மேல் இல்லாவிட்டால், என்-7 தரலாம். பத்து நாள் நோட்டீஸ், திருத்துவதற்கு அவகாசம் இல்லை. எங்கள் பேஸ்மென்ற் குடும்பங்களில் பாதிப்பேர் இந்த வகைக்குள்தான் வருவார்கள். நோட்டீஸ் கையில் வந்தவுடன் பயந்து சாமான் கட்ட வேண்டாம். வாடகைச் சபையின் கட்டளை இல்லாமல் ஒருவரும் உங்களை வெளியே போடேலாது. ஆனாலும் ஒரு பாட்டுக்காக அங்கே போய் நிற்பானேன்? சப்வூபருக்குக் கீழே தடித்த ரப்பர் மெத்தை வையுங்கோ, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அதை நிற்பாட்டுங்கோ. குடிவந்த முதல் கிழமையிலேயே மேலே போய், சத்தம் கேட்டால் ரெலிபோன் அடியுங்கோ என்று சொல்லிவிட்டு வாருங்கோ. அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

ஸ்பீக்கர் இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு சந்தோசமான விசயம். உலகத்தில் நல்ல பெயர் எடுத்த பல ஸ்பீக்கர்கள் நாங்கள் இருக்கிற இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவை. பரடைம் 1982இல் தொடங்கிய கொம்பனி, மிசிசாகாவில் இருக்கிறது. பிஎஸ்பி 1972இல் போல் பார்ட்டன் என்பவர் தொடங்கியது. தன் பெயரையும் மனைவி சூவின் பெயரையும் சேர்த்து அந்த மூன்று எழுத்தை வைத்தார். இப்போது பிக்கறிங்கில் இருக்கிற லென்புறூக் கொம்பனியின் கையில். எனேர்ஜி, மிராஜ் என்ற இரண்டு பெயருக்கும் சொந்தமான கொம்பனி எங்கள் ஸ்காபரோவில், மக்னிக்கல் அவெனியூவில் இருந்தது. 2006இல் அமெரிக்காவின் கிளிப்ஷ் அதை வாங்கிவிட்டது.

ஏன் இவ்வளவு கொம்பனி இங்கே வந்தன? ஒட்டாவாவில் அரசாங்கத்தின் தேசிய ஆராய்ச்சி மன்றம் இருக்கிறது. அங்கே 1965இலிருந்து 1991வரை ஃபுளோய்ட் ரூல் என்ற விஞ்ஞானி வேலை செய்தார். எதிரொலியே இல்லாத ஒரு அறையில் ஸ்பீக்கர்களை எல்லாப் பக்கமும் அளந்தார். பிறகு திரைக்குப் பின்னால் வைத்து, எது எந்தக் கொம்பனி என்று தெரியாமல் ஆட்களைக் கேட்க விட்டார். என்ன கண்டார் தெரியுமோ? கண்ணால் பார்க்காமல் கேட்டால், பெரும்பாலான ஆட்கள் நல்லது என்று சொன்னது ஒரே மாதிரியான ஸ்பீக்கர்களைத்தான். நேரே முன்னுக்கு எந்தத் தொனியையும் கூட்டாமல் குறைக்காமல் தருகிற ஸ்பீக்கர். பக்கவாட்டில் போகிற சத்தமும் ஒழுங்காகக் குறைந்துகொண்டு போகிற ஸ்பீக்கர். 1985, 86இல் இதைக் கட்டுரைகளாக எழுதினார். இங்கத்தைக் கொம்பனிகள் அந்த அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கள் பெட்டிகளைத் திருத்தின. பிறகு அவர் அமெரிக்காவில் ஹார்மன் கொம்பனிக்குப் போனார். 1994இல் அவரும் ஷோன் ஒலிவ் என்பவரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதே ஆட்களுக்குப் பெட்டியைக் காட்டிக் கேட்கவைத்தபோது புள்ளிகள் மாறிவிட்டன. பெரிய, வடிவான பெட்டிக்குக் கூடப் புள்ளி, சின்னப் பிளாஸ்ரிக் பெட்டிக்குக் குறைவு. காதால் கேட்கிறோம் என்று நினைத்துக் கண்ணால் கேட்கிறோம்.

கடைக்குப் போகும்போது இதை ஞாபகம் வையுங்கோ. இரண்டை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாகப் பாடுகிறதுதான் நல்லது போலத் தெரியும். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ. உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கோ. மிருதங்கம் நல்ல சோதனை. தொப்பிப் பக்கம் கும்மென்று வந்து உடனே நிற்க வேண்டும், வலந்தலை சுண்டினது போலத் தெறிக்க வேண்டும். இரண்டும் ஒரு ஆளின் மடியில் இருந்து வருகிறது போல இருந்தால் ஸ்பீக்கர் நல்லது.

இந்த ஊர் ஸ்பீக்கர்கள் என்பதால் கையால் விற்கிற கடைகளிலும் கறாஜ் சேல்களிலும் கிஜிஜியிலும் அடிக்கடி வரும். 20 வருடப் பழசு என்றாலும் பயமில்லை, ஒன்றை மட்டும் பாருங்கோ. முன்துணியைக் கழற்றி, பெரிய வட்டத்தைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கோ. ஸ்பொஞ்சு விளிம்பு 15, 20 வருடத்தில் உக்கிப் பொடியாகும். ரப்பர் என்றால் கூடக் காலம் நிற்கும். உக்கினால் புது விளிம்பு வாங்கி ஒட்டலாம், ஆனால் விலையில் அதைக் கழிக்கக் கேளுங்கோ. ஊரிலிருந்து ஸ்பீக்கர் கொண்டு வந்தவர்களும் பயப்பட வேண்டாம், மின்சாரக் குத்தி இல்லாத சாதாரண ஸ்பீக்கர் எந்த நாட்டிலும் வேலை செய்யும். அம்பிளிபயர்தான் கவனம். அங்கே 230 வோல்ற், இங்கே 120. பின்னால் மாற்றுகிற சுவிச் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குத்துங்கோ.

வாங்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. "வெள்ளை வான்" என்றால் எங்கள் ஆக்களுக்கு வயிற்றைக் கலக்கும். இங்கே ஸ்பீக்கர் உலகத்தில் அந்தப் பெயருக்கு வேறு கதை. பிளாசா பார்க்கிங்கில் ஒரு வான் வந்து பக்கத்தில் நிற்கும். உள்ளே இருக்கிறவர்கள், ஸ்ரோரில் பிழையாக இரண்டு சோடி கூட ஏற்றிவிட்டார்கள், மனேச்சருக்குத் தெரியாது, இரண்டாயிரம் டொலர்ச் சாமானை முந்நூறுக்குத் தருகிறோம் என்பார்கள். வடிவான புத்தகமும் காட்டுவார்கள். நல்ல கொம்பனியின் பெயர் போலவே ஒரு பெயர் இருக்கும். உள்ளே மலிவுச் சாமான். வட அமெரிக்காவில் மட்டுமல்ல, அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் பல வருடமாக நடக்கிற ஏமாற்று இது. எங்கள் வேலைத்தலத்தில் புதிதாக வந்த ஒரு தம்பி முதல் சம்பளத்தை அப்படிக் குடுத்துவிட்டான். பெட்டியை அவிட்டுப் பார்த்தோம். கனம் காட்ட உள்ளே ஒரு கல்லைக் கட்டியிருந்தது.

வாற் கணக்கிலும் ஏமாற வேண்டாம். சில செற்றுகளில் பிஎம்பிஓ 3000 வாற் என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்தக் கணக்குக்கு ஒரு ஒழுங்குமில்லை. ஆர்எம்எஸ் என்ற கணக்கைத்தான் பாருங்கோ. வாற்றை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல், காதுக்குக் கொஞ்சம்தான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாற் வேண்டும். சாதாரண ஹோலில் பாட்டுக் கேட்க ஐம்பது வாற் நிறையக் காணும். ஆனால் சின்ன அம்பிளிபயரைக் கடைசிவரை திருகி அலற விடாதேயுங்கோ. அது அலையின் தலையை வெட்டி அனுப்பும், ட்வீற்றர் எரிந்து போகும்.

கடைசியாகக் காது. நான் வேலை செய்கிற இடம் போல இரைச்சலான இடங்களில் நிற்கிற எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் 2016 யூலை முதலாம் திகதியிலிருந்து எல்லா வேலைத்தலங்களுக்கும் ஒரே சட்டம்: எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு மணி. அதற்கு மேலே போனால் முதலாளி இரைச்சலைக் குறைக்க வழி பார்க்க வேண்டும். அது முடியாத இடத்தில் காதுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கோ, வெட்கப்பட ஒன்றுமில்லை. இரைச்சலில் எட்டு மணி நேரம் நின்று வீட்டுக்கு வந்தால் காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும். அந்த நேரம் பாட்டுப் போட்டால் சத்தம் காணாது போலத் தோன்றும். இன்னும் திருகுவீர்கள். ஏற்கெனவே அடிபட்ட காதுக்கு மேலும் ஒரு அடி. பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அதே அடி. நான் செய்கிற வழி இது: லீவு நாளில், நல்லாக நித்திரை கொண்டு எழும்பின காலையில், பாட்டு அளவாகக் கேட்கிற இடத்தில் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டி வைத்திருக்கிறேன். வேலையால் வந்த இரவுகளில் அந்தக் குறிக்கு மேலே போவதில்லை. அமெரிக்க அரசின் நயோஷ் நிறுவனம் ஐபோனுக்கு இலவசமாகச் சத்தம் அளக்கிற அப் ஒன்று வைத்திருக்கிறது. செற்றியில் இருந்து அளந்து 75க்குக் கீழே இருந்தால் எவ்வளவு நேரமும் கேட்கலாம்.

அந்த அக்காவின் கசெற் பற்றி இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. கசெற் நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேயும். அதைக் கொம்பியூட்டரில் ஏற்றி வைக்கிற வழியை அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை உங்கள் வீட்டில் உள்ள பழைய கசெற்றுகளைத் தேடி எடுத்து, வெயிலும் ஹீற்றரும் படாத இடத்தில் நிமிர்த்தி அடுக்கி வையுங்கோ. எறிந்துவிட வேண்டாம்.